ஆலங்கட்டிக்கு யார் மன்னிப்புக் கேட்பது

கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் சேத்தியாத்தோப்புப் பக்கத்துத் தன் ஊருக்குத் திரும்பினார் ராஜமாணிக்கம். வாசலில் விட்டுப்போன புதுக் காரின் முன்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. தரை ஈரம், கல் எதுவும் இல்லை. ஆனாலும் காலனிப் பையன் சித்தார்த் மேல்தான் அவருக்குச் சந்தேகம் விழுந்தது. முந்தின வாரம் டீக்கடையில் அவரை எதிர்த்துப் பேசியவன் அவன்.

மறுநாள் காலை ஊர்க்கூட்டத்தில் அவனை நிற்க வைத்தார்கள். காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றார்கள்.

"கேட்டுடுடா" என்று அழுதாள் அவன் அம்மா ராசம்மாள்.

"கேக்க மாட்டான்!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் அவன் அக்கா பிரிசில்லா. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிப்பவள், லீவுக்கு வந்திருந்தாள். "கண்ணாடிய ஒடச்சது ஆலங்கட்டி. நேத்து மத்தியான மழையில விழுந்துச்சு."

ராஜமாணிக்கம் சிரித்தார். "மே மாச வெயில்ல ஐஸ் மழையா? இது இன்னா காஷ்மீரா?"

"காஷ்மீர்ல கொட்டுறது பனிங்க. குளிர்ந்த மேகத்துல நீராவி நேரா உறைஞ்சு பூவாட்டம் எறங்கும். ஆலங்கட்டி வேற. அதுக்கு வெயில்தான் வேணும். சூட்டுக் காத்து சர்ருனு மேல ஏறி மழைத்துளியத் தூக்கிட்டுப் போவும். அந்த ஒசரத்துல அது உறைஞ்சுடும். மேல மேல தண்ணி ஒட்டிப் பெருசாவும். காத்து தாங்க முடியாத கனம் வந்ததும் கல்லாட்டம் விழும்."

முந்தின நாளே பொறுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்த ஒரு கட்டியை டிபன் பாக்ஸிலிருந்து எடுத்து, கத்தியால் பிளந்து காட்டினாள். உள்ளே வெங்காயம் போல அடுக்கடுக்காக வளையங்கள்.

"ஃப்ரிட்ஜுல யாரு வேணாலும் பண்ணலாம்" என்றார் ஒருவர்.

"சரி, ஐயாவோட வாழைத் தோப்புக்கு வாங்க."

தோப்பில் இலைகளெல்லாம் நார்நாராகக் கிழிந்து தொங்கின.

"இத்தன மரத்துக்கும் என் தம்பிதான் கல்லு வுட்டானா?"

முந்தின நாள் ஆலங்கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்கூட ராஜமாணிக்கத்துக்குப் பயந்து தரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவருடைய அண்ணி பட்டம்மாள்தான் பேசினாள். "எங்க வாசல்லயும் விழுந்துச்சு. நான் நேத்தே சொல்லியிருக்கணும்."

"சரி, வுடுங்க. போவட்டும்" என்று திரும்பினார் ராஜமாணிக்கம்.

பிரிசில்லா வரப்பில் அவருக்குக் குறுக்கே நின்றாள். "எது போவட்டும்? ஊர் கூட்டித்தான குத்தம் சொன்னீங்க? ஊர் முன்னாடியே தப்புன்னு சொல்லுங்க."

"ஏம்மா, நீ ஜாஸ்தி பேசுற."

"ஆமா, பேசுவேன். நீங்க சொல்ற வரைக்கும் நகர மாட்டேன்."

சித்தார்த் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அழுகையை நிறுத்திவிட்டு ராசம்மாளும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் பட்டம்மாளும் நகர்ந்து அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அதுதான் ராஜமாணிக்கத்தை அசைத்தது.

"தப்புதான்" என்றார், வாழை மரத்தைப் பார்த்து.

"அவன் மொகத்தப் பாத்து சொல்லுங்க."

ராஜமாணிக்கம் வாழை மரத்திலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு சித்தார்த்தைப் பார்த்துச் சொன்னார்.