போட்டாச்சு

ஐஸ் பெட்டியின் பிளக் அந்த வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தியது. அவ்வளவு தடித்த பிளக்குக்கு ஏற்ற பெரிய பாயிண்ட் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மட்டுமே இருந்தது. வைஜெயந்தி ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டிக்காரர் நீட்டிய வயரைச் செருகினாள். கூடத்தில் பெட்டி உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. உள்ளே அவள் மாமனார் பலராமன்.

ஃப்ரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் குழியில், அவருடைய இன்சுலின் பாட்டில்கள் இரண்டு இருந்தன. இனி அவை சூடானாலும் ஒன்றுமில்லை.

ஐந்து வருடமாக, தினம் இரண்டு வேளையும் அவள்தான் போட்டாள். பாட்டிலைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை வரும், அளவு தப்பும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தால் அங்கே கட்டி தட்டி மருந்து சரியாக ஏறாது. ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டியதைப் பார்த்தே அவள் பிடித்துக்கொண்டாள். "எம்மருமவ போட்டா போட்டதே தெரியாதுப்பா" என்று பலராமன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆறு நாள் காய்ச்சல். சளி நெஞ்சில் இறங்கி, இன்று விடியலில் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. மூன்று நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஆறு நாளை வரிசை மாறாமல் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டிருந்தது.

மத்தியானம், துணை சுகாதார நிலையத்து நர்ஸ் ரோஸ்லின் மாலையோடு வந்தாள். அதைப் பெட்டிமேல் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் வாசல் பந்தலிலிருந்து கண்ணையனின் குரல் வந்தது. பலராமனின் தம்பி. அவருக்கும் சர்க்கரை, போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வேறு வைத்திருந்தார்கள்.

"இன்னா சிஸ்டர், நாளைக்குக் காய்ச்சல் தடுப்பூசி கேம்ப்பாமே?"

"ஆமாங்கய்யா. அத அப்பறம் பேசலாம்."

"இப்பவே பேசிடுவோம். நோட்டுலேர்ந்து எம்பேர அடிச்சுடு. அன்னிக்கு நோட்டத் தொறந்து காட்டினியே, 'ஒங்கண்ணனே போட்டுக்கினாரு, நீங்க இன்னாத்துக்குப் பயப்படுறீங்க'ன்னு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போட்டுக்கினாரேன்னு நெனச்சேன். தோ, பெட்டில கெடக்குறாரு. நீயே கேளு, ஊசி எப்டி வேல செஞ்சுதுன்னு."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

"எம்பேரயும் அடிச்சுடும்மா" என்றாள் பக்கத்து வீட்டுத் திரௌபதி. இழுப்புக்காரி. பேசும்போதே அவள் நெஞ்சு விசிலடித்தது. பின்னால் இன்னும் இரண்டு குரல்கள் அதையே சொல்லின.

ரோஸ்லின் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "நான் இவருக்குப் போடலங்கய்யா. வெளிய எங்கனா போட்டிருப்பாருன்னு நெனச்சேன். ஆபீஸ்லேர்ந்து போன்ல கேட்டுத்தான் 'போட்டாச்சு'ன்னு டிக் அடிச்சிருக்காங்க."

வைஜெயந்திக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் இருக்கும். சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்லை இடுக்கிப் பேசியிருந்தாள். "பலராமன் வூடுங்களா? அவருக்கு ஊசி போட்டாச்சா?" சர்க்கரைக்கு மருந்து வாங்குகிற ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வப்போது அப்படிக் கேட்பார்கள். "போட்டாச்சு மேடம்." "ஓகே." அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அன்று கேட்டு முடிக்க நூறு பெயராவது இருந்திருக்கும்.

இந்த வீட்டில் ஊசி என்றால் தினமும் வயிற்றில் போடுவது. அந்த நோட்டில் ஊசி என்றால் வருடத்துக்கு ஒருமுறை கையில் போடுவது. முன்னது அன்றைய சோற்றுக்கு, பின்னது இன்னும் வராத காய்ச்சலுக்கு. டிக் விழுந்த பெயரை அதன்பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. போன கேம்ப் அன்று பலராமன் பசுவை ஓட்டிக்கொண்டு சுகாதார நிலையத்து வாசல் வழியாகத்தான் போய்வந்தார்.

அவள் பேசாமல் இருந்தால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. ரோஸ்லின் போய்விடுவாள். நாளைக்கு இந்தத் தெருவிலிருந்து ஒருவரும் போகமாட்டார்கள்.

வைஜெயந்தி நிலைப்படிக்கு வந்தாள்.

"சின்ன மாமா. மாமாவுக்கு அந்த ஊசி போடவே இல்ல."

"நோட்டுல கீதே."

"போன எடுத்தது நான்தான். சர்க்கர ஊசியக் கேக்குறாங்கன்னு நெனச்சுப் போட்டாச்சுன்னுட்டேன்."

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் அரிகரன் நிமிர்ந்து பார்த்தான்.

"அத இப்ப யாரு கேட்டா ஒன்ன?" என்றார் கண்ணையன். குரல் தணிந்திருந்தது.

"நீங்க பேர அடிக்கச் சொன்னீங்களே."

"போட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம்மா" என்றாள் ரோஸ்லின். கண்ணையன் துண்டால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். அரிகரன் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த முடிச்சை இன்னொருமுறை இழுத்தான்.

தெருமுனையில் மேளம் கேட்டது. கரியமாணிக்கம் ஊர் உறவுக்காரர்கள் மாலையோடு வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் பெட்டியருகே வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரியைத் தொடங்கினார்கள். வைஜெயந்தி அவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். பாட்டு நிற்கவில்லை. யாரும் தலைதூக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, திரௌபதி மூச்சை இழுத்து இழுத்து வாங்கியபடியே, முழங்காலை ஒரு சாண் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள்.