மூன்று குழாய் ரத்தம்

மகன் சுவரோடு பேச ஆரம்பித்த வருஷம்தான் அந்த வீட்டில் சண்டையும் ஆரம்பித்தது.

"உன் சித்தப்பாவும் இப்படித்தானே இருந்தார்?" என்பார் லாரி ஓட்டும் கணவர்.

"உங்க அத்தை மட்டும் என்னவாம்?" அவளும் விடமாட்டாள்.

ஒருநாள் லோடு ஏற்றப் போனவர் வீடு திரும்பவில்லை. அவ்வப்போது மகனிடம் மட்டும் போனில் பேசுவார். ஏழு வருஷம் ஓடிவிட்டது.

மகனுக்கு மனச்சிதைவுக்கு மாத்திரை தரும் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். ஒரு ஜீனின் மேல் சந்தேகமாம். அதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டா என்று இருநூறு குடும்பங்களில் பார்க்கப்போகிறார்களாம்.

"அம்மா, அப்பா, பிள்ளை, மூணு பேர் ரத்தமும் வேணும்மா," என்றாள் நர்ஸ்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவே, கண்ணாடி துடைக்கும் துணியைக் கசக்கியபடி அவள் போன் செய்தாள். காரணம் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "என்னிக்கு வரணும்?"

வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. பெஞ்சில் இருவருக்கும் நடுவே உட்கார்ந்த மகன், "அப்பா, இவங்கதான் அம்மா," என்று அறிமுகம் செய்துவைத்தான். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

ஊசியைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் பயம் போகலையா?"

"யாருக்குப் பயம்?" என்றார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. அவள் கை தன்னால் அவர் தோளுக்குப் போனது. அவர் விலகவில்லை.

கேன்டீனில் டீ குடித்தார்கள். நாலு மணிக்குக் கிளம்பிவிட்டார். பிறகு கடையில் யார் கதவைத் திறந்தாலும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பத்து மாதம் கழித்துக் கடிதம் வந்தது. போனில் அவருக்குப் படித்துக் காட்டினாள்: நோயுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரிடமிருந்து அந்த ஜீன் வகை அதிகமாக வந்து சேரவில்லை, தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.



"அப்போ உன் பக்கமும் இல்ல, என் பக்கமும் இல்லயா?"

"இந்த ஜீன் இல்லையாம். இன்னொண்ணைப் பாக்கப் போறாங்களாம்."

"நான் பேசினதெல்லாம்... சும்மா வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"நானுந்தான் பேசினேன்."

"மறுபடியும் ரத்தம் குடுக்கணுமா?"

சேமித்து வைத்த ரத்தமே போதும் என்று கடைசி வரியில் தெளிவாக அச்சடித்திருந்தது. அவள் அதை இன்னொரு முறை படித்தாள்.

"குடுக்கணும்போல இருக்கு," என்றாள். "எதுக்கும் ஒருதடவை வந்துட்டுப் போங்க."