தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

"இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லுங்க. நல்லாக் கேக்கச் சொல்லுங்க."

"கேட்டாச்சுட்டி. பூசாரி பூ வச்சுக் கேட்டாரு. வலப்பக்கமும் விழல, இடப்பக்கமும் விழல. அப்படியே நிக்கி."

"அப்படின்னா?"

"அவ இங்கன இல்லியாம்."

இசக்கிச்செல்வி போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள். சீவலப்பேரியில் இசக்கியம்மன் கோயில் வாசலில், கையில் தவிட்டுப் பையோடு அவள் புருஷன் பேச்சிராஜ் நின்றுகொண்டிருந்தான். கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தான். அவளோ லாவோஸில், மேகாங் ஆற்றங்கரையில், ஒரு மரவீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே அவர்களுடைய நாலு வயது மகன் மகாராஜா கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"தவிட்டைப் பூசாரி அண்ணாச்சிகிட்டயாவது குடுங்களேன்."

"குடுத்தேன். 'கடைக்காரி இல்லாத கடையில என்னத்தவே வாங்கப் போறீரு'ன்னு நக்கலடிக்காரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனபின் வந்தவன் மகாராஜா. அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். பிள்ளையை இசக்கியின் காலடியில் கிடத்தி, உனக்கு வித்தாச்சு தாயி என்று சொல்ல வேண்டும். பிறகு தவிடு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளை மேல் யார் கண்ணும் விழாது, சாவும் ஏறெடுத்துப் பார்க்காது. ஆனால் விற்ற கையோடு பிள்ளை வீறிட்டு அழுதது. செல்விக்குப் பால் சுரந்து சேலை நனைந்தது. அவள் தவிட்டை மறந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பைக்கிலேயே கிடந்த தவிட்டைப் பேச்சிராஜ் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கழனித்தண்ணியில் கலந்து ஊற்றினான். "மாடு உம்ம பிள்ளைய வாங்கிட்டுது வே" என்று கூட்டாளிகள் கேலி பேசினார்கள். வருஷக்கணக்கில் அது வீட்டில் சிரிப்பாகவே கிடந்தது.

லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடிய வேலை அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் போடும்முன் பையனுக்கு உலகத்தைக் காட்ட ஆசைப்பட்டாள். ஓடி ஓடிப் பார்க்கிற ஆசை இல்லை. ஓர் ஊரில் மாதக்கணக்கில் தங்கி, அங்கேயே காய்கறி வாங்கிச் சமைத்து, பிறகு ரயிலோ பஸ்ஸோ படகோ பிடித்து அடுத்த ஊருக்கு நகர்வது.

விமானத்தில் பையன் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. "அந்த அம்ம கீழ நிக்கா" என்று அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது. தாய்லாந்தில் ஒருநாள், வாழைப்பழம் தின்றுகொண்டே, "வந்துட்டா" என்றான்.

"யாரு ராசா?"

"அந்த அம்ம. நடந்தே வந்தாளாம். காலெல்லாம் மண்ணு."

பிள்ளைகளுக்கு இப்படிக் கண்ணுக்குத் தெரியாத கூட்டாளிகள் உண்டு என்று செல்வி விட்டுவிட்டாள். அடுத்த ஊருக்குப் போனதும், அங்கேயும் சில நாளில் 'அந்த அம்ம' வந்துசேர்ந்தாள். மெதுவாகப் போகிறவர்களை நடந்தே பிடித்துவிடலாம் என்பது செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. லாவோஸுக்குப் படகில் வந்தபோது பையன் வழிநெடுகக் கரையைப் பார்த்துக் கையாட்டினான். துறையில் இறங்கும்போது, "இப்ப நமக்கு முந்தி வந்துட்டா பாத்தியா" என்று பெருமையாகச் சொன்னான்.

அதற்கப்புறம் அவன் செல்வியை அம்மா என்று கூப்பிடுவதில்லை. "ஏ செல்வி, சோறு தா" என்றான். அதட்டிக் கேட்டதற்கு, "அவளும் அம்ம, நீயும் அம்மன்னா நான் எப்படிக் கூப்பிட?" என்றான். கொடுக்காமல் விட்ட தவிடு செல்விக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது; அதைக் கொடுத்துவரத்தான் பேச்சிராஜைக் கோயிலுக்கு அனுப்பினாள்.

"செல்வி, கேக்குதா?" போனில் பேச்சிராஜின் குரல் கம்மியது. "நாளைக்கே பிளைட்டப் புடி. பிள்ளையோட இங்க வந்துரு."

"வந்தா? அவ இங்கனயே நிப்பா. கோயில் அப்பவும் காலியாத்தான கெடக்கும். யாருட்ட குடுத்து வாங்க?"

செல்வி தலையை நிமிர்த்தினாள். கூழாங்கற்கள் குவியலாகக் கிடந்தன. பையன் அங்கே இல்லை.

உச்சிவெயிலில் ஆற்றுப்படி வெறிச்சோடிக் கிடந்தது. அதில் மகாராஜா இறங்கிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு படியாக, பைய. வலது கை தலைக்கு மேலே தூக்கியிருந்தது, பெரியவர் யாரோ விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல. கைக்கு அந்தப் பக்கம் வெயில் மட்டுந்தான் இருந்தது.

போன் எங்கேயோ விழுந்தது. வீட்டுக்காரி வாத்துகளுக்குக் குழைக்க வைத்திருந்த தவிட்டுச் சட்டி தாழ்வாரத்தில் இருந்தது. செல்வி அதைக் கேட்காமலே தூக்கிக்கொண்டு ஓடினாள். தண்ணீர் பையனின் கணுக்காலைத் தொட்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனை வாரித் தூக்கக் கை துடித்தது. அன்றைக்கும் அப்படித்தான் துடித்தது. அவள் கையை அடக்கிக்கொண்டு ஈரப்படியில் முழங்கால் போட்டாள். சட்டியை வெற்றுவெயிலை நோக்கி நீட்டினாள். தன் பெயரைத் தானே கூப்பிடுவதுபோல இருந்தது.

"இசக்கி... ஏ இசக்கியம்மா. தவிடு கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கோ. எம்பிள்ளைய எனக்கே குடுத்துரு தாயி."