முதலாளி கேட்ட கேள்வி

போனில் பேசுவதற்குப் புதுச் சுடிதார் எதற்கு என்று வேல்விழி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இன்டர்வியூ என்றால் நல்ல உடுப்பு, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்துச் சுடிதாரைப் போட்டு, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு கம்பெனி வேனில் ஏறினாள். ஏழாயிரம்பண்ணை வரும் வரை வேனில் இருந்த பெண்கள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

"போன் வழியா முகம் தெரியுமாட்டி?" என்றாள் ஒருத்தி.

"முகம் தெரியாது, பூ மணக்கும்" என்றாள் இன்னொருத்தி.

வேல்விழியின் சித்தி சின்னத்தாய் மட்டும், "பேசாம வாங்கட்டி, பிள்ள பயந்துபோய் இருக்கு" என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

கம்பெனி கேட்டில் போர்மேன் சங்கரபாண்டியன் துப்பட்டா நுனியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது நைலானா?"

"இல்லண்ணே, பாலியஸ்டர்."

"பெரிய வித்தியாசம். உரசுனா பொறி வரும்னு உனக்குத் தெரியாதா? இதப் போட்டுக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போயி எல்லாரையும் மொத்தமா மேல அனுப்பப் போறியாக்கும்?"

தெரியாமல் என்ன? மூன்று வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் பருத்தித் துணி தவிர வேறெதுவும் உடுத்தாதவள்தான். பதற்றம் வந்தால் தெரிந்ததுதான் முதலில் மறக்கும். சங்கரபாண்டியன் அவளை ரூம் பக்கம் விடவில்லை. ஆபீஸ் வாசலில் கிடந்த பெஞ்சைக் காட்டி, போன் வரும் வரை அங்கேயே கிட என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கை வேலையாக இருந்திருந்தால் மனசு கொஞ்சம் அடங்கியிருக்கும். இப்போது அதற்கும் வழியில்லை.

விஷயம் இதுதான். சிவகாசியில் இருக்கும் சேல்ஸ் ஆபீசில் போன் எடுக்க ஒரு பெண் தேவைப்பட்டது. வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் சொல்வார்கள், லோடு ஏன் வரவில்லை என்று சத்தம் போடுவார்கள், பதில் சொல்ல வேண்டும். பெரிய முதலாளியின் காலமாக இருந்திருந்தால் சொந்தக்காரர் வீட்டுப் பெண் யாராவது வந்து உட்கார்ந்திருப்பாள். இப்போது நிர்வாகம் மகன் மகேஷ்குமார் கையில். சென்னையில் படித்துவிட்டு வந்தவர். நம் கம்பெனியிலேயே பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் சொல்லுங்கள், போனில் பார்க்கிற வேலைதானே, இன்டர்வியூவையும் போனிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். அவர் ரூம் பக்கம் வந்து வேல்விழி பார்த்ததில்லை. குரலையும் கேட்டதில்லை.

சிவகாசி ஆபீசில் ஃபேன் உண்டு. மருந்து ரூமில் ஃபேன் கிடையாது, கரண்டே கிடையாது. ஆனால் வேல்விழி அந்த வேலைக்கு ஆசைப்பட்டது காற்றுக்காக அல்ல. அவளுக்குப் பயம். புஸ்வாணத்துக்குள் மருந்து திணிக்கும்போது ஒவ்வொரு முறையும் பயம். பக்கத்து ஊரில் எங்காவது 'டம்' என்று கேட்டால், அவள் அம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து, புகை எந்தத் திசையில் என்று பார்ப்பாள். போன வருஷம் மட்டும் எத்தனையோ தடவை அப்படி ஓடியிருக்கிறாள். இந்த வேலை கிடைத்தால் அம்மா ஓட வேண்டாம். கிடைக்காவிட்டால் கல்யாணம் ஆகும் வரை புஸ்வாணம்தான், கல்யாணம் ஆனால் புருஷன் ஊரில் இன்னொரு கம்பெனியின் புஸ்வாணம்.

பெஞ்சில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தாள். வணக்கம் சார், என் பெயர் வேல்விழி, சொந்த ஊர் அச்சங்குளம். சரக்குப் பெயர்கள் அத்தனையும் சொன்னாள். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். எது கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது, முதலாளியிடம் பொய் சொன்னால் எப்படியும் மாட்டிக்கொள்வோம் என்று முடிவெடுத்திருந்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்த தண்ணீர் உடனே வேறு வேலை வைத்தது. அந்த நேரம் பார்த்துப் போன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அடக்கிக்கொண்டாள்.

ஆபீசுக்குள் போன் அடித்தது. பாய்ந்து போய் எடுத்தாள்.

"வணக்கம் சார், என் பெயர் வேல்விழி, பிளஸ் டூவில் எழுபது பர்சென்ட் சார்."

"ரொம்ப சந்தோசம். லாரி ஆபீஸ்லருந்து பேசுறேன். சாயங்கால லோடு உண்டா இல்லையா?"

சங்கரபாண்டியன் வந்து போனை வாங்கி லாரிக்காரரிடம் பேசிவிட்டு வைத்தார். அவர் திட்டவில்லை. "நிதானமாப் பேசு பிள்ள. நம்மாளுதான்" என்று சொல்லி, கதவோரமாக நின்றுகொண்டார். அவர் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று வேல்விழிக்குத் தோன்றியது. சொல்ல முடியவில்லை.

மறுபடி போன் அடித்தபோது அது மகேஷ்குமார்தான்.

இத்தனை நேரம் பயந்ததற்கு அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஊர், படிப்பு, இந்தி தெரியுமா. தெரியாது சார் என்றாள். பரவாயில்லை, வடக்க பேச வேற ஆளு இருக்கு என்றார்.

"ஒரு பார்ட்டி போன்ல கண்டபடி திட்டுறான். என்ன செய்வ?"

"திட்டி முடிக்கட்டும் சார். அதுக்குப் பெறகுதான் நம்ம சொல்றது அவருக்குக் கேக்கும்."

அவர் சிரித்தார். வேல்விழிக்கு உயிர் வந்தது. இனிக் கவலையில்லை, வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தாள். அவரும் பேச்சை முடிக்கிற தோரணையில், சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"உங்க ரூம்ல எத்தனை பேர்மா வேலை பாக்குறீங்க?"

"நாலு பேர் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. ரூமில் இருப்பது அவளோடு ஒன்பது பேர். ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். தீப்பிடித்தால் நாலோடு போகட்டும் என்று சட்டம் போட்ட கணக்கு. சீசன் ஆர்டருக்கு அந்தக் கணக்கு கட்டாது. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, மருந்தைத் தொடுவதற்கு முன்னால், கற்றுக்கொடுப்பது இந்தப் பதிலைத்தான். யார் கேட்டாலும் நாலு. சோதனைக்கு அதிகாரிகளின் ஜீப் வரும் சத்தம் கேட்டால் அஞ்சு பேர் பின்வாசல் வழியாகப் போய்க் கருவேலங்காட்டுக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். மூன்று வருஷத்தில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் இருக்கிறது என்பதே அவள் நாக்குக்கு மறந்துவிட்டது.

பொய் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தவள், கேட்ட மாத்திரத்தில், அதுவும் கம்பெனிக்குச் சொந்தக்காரரிடமே சொல்லிவிட்டாள்.

"இந்தா பாரும்மா" என்றார் மகேஷ்குமார். "நான் நம்ம கம்பெனிதான். எனக்குத் தெரியாதா? பயப்படாம உண்மையச் சொல்லு."

ஒன்பது என்று சொல்ல வாயைத் திறந்தாள். கதவோரம் சங்கரபாண்டியன் நின்றுகொண்டிருந்தார். இது மகேஷ்குமார்தான் என்று யார் கண்டது? குரல் தெரியாது, ஆள் தெரியாது. கம்பெனி ஆள்தான் என்று சொல்லிக் கேட்டாலும் நாலுதான் என்று அதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேலை போனால் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாலு பேர்தான் சார்."

அவர் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"சரி. ஒண்ணாந்தேதி சிவகாசிக்கு வந்துரு. இங்க போன் எடுத்தா ஆர்டர் மட்டும் வராதும்மா. அதிகாரி பேசுவான், பேப்பர்காரன் பேசுவான், எவனெவனோ பேசுவான். நீ சரியா இருப்ப."

போனை வைத்ததும் வேல்விழிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சந்தோஷம்தான், அதில் சந்தேகமில்லை. அம்மாவுக்கு இப்போதே சொல்ல வேண்டும்போல் இருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. ரூமில் இருந்த எட்டுப் பேரும் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். கையெல்லாம் அலுமினியப் பவுடர். விஷயத்தைக் கேட்டதும் சின்னத்தாய் அந்தக் கையாலேயே அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"என்னட்டி கேட்டாக முதலாளி?"

"ரூம்ல எம்புட்டுப் பேருன்னு கேட்டாக சித்தி. நாலுன்னுட்டேன்."

மரத்தடியே குலுங்கியது. முதலாளிக்கிட்டயேவா! பக்கத்தில் இருந்த முத்துமாரியம்மாளுக்குப் புரையேறிவிட்டது.

"ஏட்டி, அந்த நாலுல நான் உண்டா?" என்றாள் சின்னத்தாய், சிரித்துக்கொண்டே.

"ஒங்கள விட்டுருவேனா சித்தி?"

"அப்ப நானு?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"நீங்களுந்தான்."

"எங்கள மறந்துறாத தாயி" என்று சாத்தூரிலிருந்து வேலைக்கு வரும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் சொன்னார்கள்.

"நீங்களும் உண்டு, நீங்களும் உண்டு."

அடுத்து உட்கார்ந்திருந்தவள் இசைவாணி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. எல்லோரும் கேட்கிறார்களே என்று அவளும் தூக்குச்சட்டியைத் திறந்தபடியே கேட்டாள்.

"அக்கா, நானு?"

வேல்விழி அவளைப் பார்த்தாள். நாலு பேர் ஏற்கெனவே ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"சாப்பிடு பிள்ள" என்றாள் சின்னத்தாய். "மணி அடிச்சிரப் போறாக."