வலி போன இடம்

அவளுடைய சிகிச்சை அறையில் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு: ‘வலிக்குதா?’ அப்படிக் கேட்டால் உடம்பு வலியைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடும் என்பது பயிற்சியில் முதல் நாள் பாடம். ‘எப்படி இருக்கு?’ என்றுதான் கேட்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் அவள் அந்த ஒழுங்கை ஒருமுறையும் மீறியதில்லை.

இன்னோர் ஒழுங்கு, விலகி நிற்பது. கட்டைவிரல்களால் தசையின் மேல் தோலை மெல்ல நகர்த்தி, தளர்ந்த தந்தியைச் சுண்டுவதுபோல் ஓர் உருட்டல், அவ்வளவுதான். அழுத்துவதில்லை, முறிப்பதில்லை, நெட்டி எடுப்பதில்லை. நான்கைந்து இடங்களில் அப்படித் தொட்டபின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். உள்ளே படுத்திருப்பவர் அசையக் கூடாது. உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள நாம் தரும் அவகாசம் அது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்காவின் கணவரிடம் அதற்கு வேறு விளக்கம் இருந்தது.

“தொட்டுட்டு வெளிய ஓடிடறது. அடி வாங்காம இருக்க அதைவிட நல்ல வழி கிடையாது,” என்பார்.

அவர் பஸ் ஓட்டுநர். இருபத்திரண்டு ஆண்டுச் சேவை, ஒரு விபத்தும் இல்லை. கொழுந்தியாளை அவர் ‘டாக்டரம்மா’ என்று அழைப்பதில் இருந்த மரியாதை முழுவதும் கேலிக்கென்றே சேர்க்கப்பட்டது. அவளுடைய தொழிலுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘தடவல் இலாகா’. உறவினர் நான்கு பேர் கூடினால் அந்தப் பெயர் ஐந்தாவது ஆளாக வந்து உட்கார்ந்துவிடும்.

அப்படிப்பட்டவர் அன்று மதியம் இரண்டு மணிக்கு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நண்டுபோல் பக்கவாட்டில் மாடிப்படி ஏறி அவளிடமே வந்தார். காக்கிச் சட்டை. முகத்தில் நான்கு நாள் தூக்கமின்மை. பின்னால் அக்கா, அவருடைய வலதுகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

“பாத்தியா சின்னவளே, செருப்பைப் பாதிப் படியிலயே விட்டுட்டு வர்றாரு. கழண்டதுகூடத் தெரியல. நாளைக்கு என்னையும் இப்படித்தான் எங்கயாவது விட்டுட்டுப் போவாரு.”

“செருப்பு போனா வேற வாங்கலாம்,” என்றார் அவர். “நீ போனா...” சொல்லி முடிக்க வலி விடவில்லை.

இடுப்பிலிருந்து வலதுகால் வழியாகப் பாதம் வரை யாரோ சூடான கம்பியைச் செருகி இழுப்பதுபோல் இருந்ததாம். மருத்துவரிடம் போனால் ஓய்வு எழுதித் தருவார். அந்த ஆண்டில் ஏற்கெனவே இரண்டுமுறை ஓய்வு எடுத்தாயிற்று. மூன்றாம் முறை எடுத்தால் டிப்போவின் மருத்துவக் குழு முன்னால் நிற்க வேண்டும்.

“அவனுங்க என்னை விசாரணை ஜன்னல்ல உட்கார வெச்சுடுவானுங்க. கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்து, ‘எட்டே முக்கால் வண்டி போயிடுச்சும்மா’ன்னு சொல்லிட்டு இருக்கணும். அதுக்கு இந்த வலியே தேவலை. நாலு மணிக்கு மலைப்பாதை வண்டி. அம்பத்திரண்டு சீட். அதுக்குள்ள என்னை உட்கார்ற நிலைமைக்குக் கொண்டு வா, டாக்டரம்மா. அதுக்கப்புறம் உன் இலாகாவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

அவள் படிவத்தை எடுத்தாள். அது அவளே தொகுத்து, மூன்றுமுறை திருத்தி, ஒற்றுப்பிழை பார்த்து அச்சிட்டது. ஏழாவது கேள்வியை வாசித்தாள்: “கால் மரத்துப்போகுதா, பலம் குறைஞ்ச மாதிரி இருக்கா, சிறுநீர் போறதுல ஏதாவது சிரமம் இருக்கா?”

“இல்ல இல்ல. அதெல்லாம் நல்லாத்தான் போகுது,” என்றார் அவசரமாக, அக்காவைப் பார்க்காமல்.

அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

முதல் சுற்று முடிந்து வெளியே வந்தபோது கடிகாரத்தில் இரண்டு பதினெட்டு. நடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அக்கா. மற்றொன்றில் மூன்று மணிக்கு வரவேண்டிய கழுத்துவலி அம்மாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். எங்கும் முன்கூட்டியே வந்து அடுத்தவர் இணைப்பில் காது வைப்பது அவருக்குப் பழகிப்போன ஒன்று.

“ஒண்ணும் சத்தமே இல்லையே?” என்றாள் அக்கா தாழ்ந்த குரலில். “வீட்டுல புரண்டு படுத்தாலே ஊரைக் கூட்டுவாரு.”

“பேசாதே அக்கா. உள்ள கேட்கும்.”

இரண்டாம் சுற்று தொடையின் பின்புறம். வலது தொடையின் தசை இடப்பக்கத்தைவிடத் தொய்வாக இருந்தது. தளர்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ள விரும்பினாள் என்பதே சரி.

“எப்படி இருக்கு, அத்தான்?”

குப்புறப் படுத்திருந்தவரின் குரல் மேசையில் முகத்துக்கென விட்ட துளை வழியாக வந்தது. “போயிடுச்சு.”

“என்ன?”

“வலி போயிடுச்சு. சத்தியமா. சுத்தமா இல்ல.” அவர் குரலில் கேலி இல்லை, ஓட்டுநரின் உரத்த தொனியும் இல்லை. “உன் கை... நான் சும்மா வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிட்டு இருந்தேன். மனசுல வெச்சுக்காதே.”

ஐந்து ஆண்டுகளாக அவள் காத்திருந்த வாக்கியம் அது. அசையாமல் படுத்திருக்கும்படி சொல்லிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கடிகாரம் இரண்டு இருபத்தாறு காட்டியது. சாத்திய கதவு வழியாகவே செய்தி வந்து சேர்ந்திருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கழுத்துவலி அம்மாள் இரண்டு கைகளையும் உயர்த்தி, “கைராசின்னா இதுதான்! முப்பது வருஷம் காதுல ஹெட்ஃபோன் மாட்டினதோட வலி எனக்கு. என்னையும் இதே மாதிரி பண்ணிடும்மா,” என்றார்.

அவளுடைய மகிழ்ச்சி பதினைந்து வினாடி நீடித்தது.

உள்ளே மேசை கிறீச்சிட்டது. சொன்னதைக் கேட்காமல் எழுந்துவிட்டார். சட்டையை எடுக்க அறையின் மூலைக்கு நடக்கிறார். மரத்தரை. இடதுகால் மெத்தென்று விழுந்தது. வலதுகால், ஈரத்துணியைத் தரையில் அறைந்ததுபோல், ‘சப்’பென்று விழுந்தது. மீண்டும் மெத். மீண்டும் சப்.

அவள் கதவுக்கைப்பிடியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். படியில் கழன்ற செருப்பு நினைவுக்கு வந்தது. தொய்ந்த தொடை நினைவுக்கு வந்தது. கடைசியாக ஏழாவது கேள்வி. மூன்று வினாக்களை ஒரே வாக்கியத்தில் கோத்திருந்தாள். அவர் விடை சொன்னது மூன்றாவதற்கு மட்டும். முதலிரண்டுக்கும் சேர்த்து ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டது அவள். ஒற்றுப்பிழை பார்த்த கண்ணுக்கு அந்தப் பிழை தப்பிவிட்டது.

உள்ளே போனாள். அவர் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பாரு, பத்து வயசு குறைஞ்சுடுச்சு. உங்கக்கா இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்.”

“அத்தான், குதிகால்ல நில்லுங்க. முன்பாதத்தைத் தூக்குங்க.”

“எதுக்கு? டான்ஸா?”

“தூக்குங்க.”

இடப்பாதம் உயர்ந்தது. வலது தரையோடு தரையாகக் கிடந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார், பிறர் உடைமையைப் பார்ப்பதுபோல.

“மரத்துப்போயிருக்கு. நாலு நாளா இழுத்துப் பிடிச்சிருந்த காலு. வண்டில ஏறினா சரியாயிடும்.”

அவள் தரையில் மண்டியிட்டு அவருடைய பெருவிரலின் மேல் தன் சுண்டுவிரலை வைத்தாள். “இதைத் தள்ளுங்க.”

அவர் நெற்றி நரம்பு புடைத்தது. சுண்டுவிரல் அசையவில்லை.

“எப்பலேர்ந்து இப்படி?”

“எப்படி?”

“அத்தான்!”

“காலையிலேர்ந்து லேசா மதமதன்னு இருந்துச்சு. அதைப் போய் யாரு கவனிச்சா, மேல நெருப்பு எரியும்போது?”

“உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இன்னைக்கே. எனக்குத் தெரிஞ்சு இது குணம் இல்ல, அத்தான். வலியைச் சொல்லிட்டு இருந்த நரம்பு பேச்சை நிறுத்திடுச்சுன்னு நினைக்கறேன்.”

அவர் முகம் மாறியது. “இப்பத்தான் குணமாயிடுச்சுன்னு வெளிய கைதட்டினாங்க. அதுக்குள்ள குணம் இல்லையா?”

“கைதட்டினவங்க உங்க காலைப் பார்க்கல.”

“சரி, நான் கணக்குப் பாக்கறேன். உள்ள வரும்போது வலியும் இருந்துச்சு, காலும் இருந்துச்சு. இப்ப ரெண்டும் இல்ல. நடுவுல யாரு இருந்தது?”

அவளிடம் பதில் இருந்தது. செருப்பு கழன்றது அவள் தொடுவதற்கு முன்னால். அதைச் சொன்னால் தன்னைக் காத்துக்கொள்வதாக ஆகும். சொல்லாவிட்டால் அவர் நம்ப மாட்டார். இரண்டு நாற்பது. டிப்போ பத்து நிமிட நடை. அவர் மேசை மேலிருந்த அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“நான்தான்னே வெச்சுக்குங்க,” என்றாள். “வெளிய போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டுப் போங்க.”

வாசலுக்குப் போய் அவருடைய இரண்டு செருப்புகளையும் எடுத்துவந்தாள். அக்கா எழுந்து பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றாள். தங்கை அறையிலிருந்த நாற்காலிக்கு முன்னால், ஒரு பாத அகலம் இடைவெளி விட்டுச் செருப்புகளை வைத்தாள்.

“வலது செருப்பு ஆக்ஸிலரேட்டர். இடது செருப்பு பிரேக். தூரம் சரியா?”

“கொஞ்சம் கிட்ட,” என்றார் தன்னையறியாமல். தொழில் முந்திக்கொண்டது. அவள் நகர்த்தினாள். அவர் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, கையால் முழங்காலைப் பிடித்து வலப்பாதத்தைச் செருப்பின் மேல் வைத்தார். கையால் வைத்ததை மூவரும் பார்த்தார்கள்.

“கண்ணை மூடிக்குங்க. மலைப்பாதை. இறக்கம். வண்டி முழுக்க ஆள். எந்த வளைவுல இருக்கீங்க?”

“மூணாவது,” என்றார் கண்களை மூடியபடி. “வலப்பக்கம் பாறை. இடப்பக்கம் ஒண்ணுமில்ல.”

“பிரேக்!”

தோள் அசைந்தது. தொடை இறுகியது. அவர் உடம்பு முழுவதும் முன்னால் சாய்ந்து மிதித்தது.

“மிதிச்சுட்டேன்,” என்றார். “பாத்தியா? முழுசா.”

“கண்ணைத் திறங்க.”

வலப்பாதம் ஆக்ஸிலரேட்டரின் மேலேயே இருந்தது. செருப்பு அழுந்திக் கிடந்தது. இடது செருப்பைக் காற்றுகூடத் தொடவில்லை.

நிலைப்படியில் அக்கா, “ஐயோ,” என்றாள். ஒருமுறைதான். கழுத்துவலி அம்மாளுக்கும் அது போதுமானதாக இருந்தது. நடையில் நாற்காலி நகர்ந்தது.

அவர் அந்த இரண்டு செருப்புகளையும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்து டிப்போவை அழைத்தார்.

“சார், நாலு மணி வண்டிக்கு வேற ஆளைப் போட்டுடுங்க... இல்ல சார், வலி இல்ல. வலி இருந்தா வந்திருப்பேன்.”

அவள் கடிதம் எழுதினாள். மருத்துவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்பது அவளுக்குத் தெரியும். தடவினவள் கெடுத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைப்பார். ஆயினும் எந்த இடத்தில் எப்போது தொட்டாள் என்பதை விடாமல் எழுதினாள். காலையிலேயே மரத்திருந்ததையும், அதைத் தான் சரியாகக் கேட்கத் தவறியதையும் எழுதினாள். ‘இரண்டு இருபத்தைந்துக்கு வலி நீங்கியது’ என்று எழுதி, ‘நீங்கியது’ என்பதை அடித்துவிட்டு, ‘வலி தெரியவில்லை என்றார்’ என்று திருத்தினாள்.

கழுத்துவலி அம்மாளே கீழே இறங்கிப் போய் வாடகைக் காரை மறித்து நிறுத்தினார். படியில் சகோதரிகள் இருவர் தோளிலும் கை போட்டு இறங்கும்போது ஓட்டுநர் கேட்டார்: “வண்டி ஓட்ட முடியுமா மறுபடியும்?”

“தெரியல, அத்தான்.”

“பொய்யாவது சொல்லேன்.”

“சொல்ல வரல.”

ஸ்கேன் எடுத்து, அன்று மாலையே அறுவைச் சிகிச்சை நடந்தது. முதுகெலும்பு வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்ததாம். அறுவை மருத்துவர் கடிதத்தைப் படித்தார். மடித்துக் கோப்பில் வைத்தார். “நேரத்தை எழுதினது உதவியா இருந்துச்சு,” என்றார். பாராட்டும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. காலின் பலம் திரும்புமா என்று அக்கா கேட்டதற்கு, “பார்க்கலாம்,” என்றார். எந்த இலக்கணத்திலும் அது வாக்குறுதி அன்று.

மறுநாள் காலை அவள் படிவத்தைத் திருத்தினாள். ஏழாவது கேள்வி மூன்றாகப் பிரிந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்து மணிக்குக் கழுத்துவலி அம்மாள் வந்து, மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட்டுப் படுத்தார். முதல் சுற்று முடித்து வெளியே வந்து கதவைச் சாத்தியபோது கைபேசி அதிர்ந்தது. அக்காவின் எண்.

“டாக்டரம்மா,” என்றது அவருடைய குரல், கரகரப்பாக.

“சொல்லுங்க, அத்தான்.”

“நேத்து போனது இருக்கே, அது திரும்பி வந்துடுச்சு.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “எங்க? இடுப்புலயா?”

“இடுப்புல கத்தி வெச்ச வலி, அது தனி. இது கீழ. பெருவிரல்ல. எறும்பு வரிசையா நின்னு கடிக்கற மாதிரி. ராத்திரி வரைக்கும் ஒண்ணுமில்ல. இப்பத்தான்.”

ஐந்து ஆண்டு ஒழுங்கு அவள் வாயிலிருந்து தானாக நழுவியது.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“நல்லா வலிக்குதா, அத்தான்?”

“என்ன கேள்வி இது? உயிர் போகுதுன்னு சொல்றேன், நீ சந்தோஷப்படறே.”

“நரம்பு மறுபடி பேச ஆரம்பிச்சிருக்கு, அத்தான்,” என்றாள். கதவுக்கு அந்தப்புறம் கழுத்துவலி அம்மாள் அசையாமல் கிடந்தார். இரண்டு நிமிடம் முடிந்து நான்காகியிருந்தது.