ஆரை யாருடைய சொல்?

உத்தமபாளையத்துக் கணக்கு வாத்தியார் ஒச்சாண்டிக்குச் சந்தேகம் கூடப்பிறந்த வியாதி. கண்ணெதிரே பால் கறந்து கொடுத்தாலும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் கண்ணிலா அந்தப் பட்டியல் படவேண்டும்!

அது 1938. மதுரைக் குழு ஒன்று, பாடப்புத்தக இங்கிலீஷ் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தது. கணக்குக்கு ஒச்சாண்டி. உடற்கூறுக்கு அதே பள்ளியின் பிலவேந்திரன் வாத்தியார். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கோடு இங்கிலீஷில் ரேடியஸ். வண்டிப்பட்டறையில், சக்கரத்தில் அப்படிப் போகும் கட்டையான ஆரக்காலின் பேரைக் கேட்டுவந்து அதற்கு 'ஆரை' என்று எழுதிய ஒச்சாண்டிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கடைசியில் பார்த்தால், பிலவேந்திரனின் பட்டியலில் முன்கை எலும்பு ஒன்றுக்கும் அதே 'ஆரை'!

"அடப்பாவி, என் நோட்டைப் புரட்டியிருக்கான்!"

வட்டத்துக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? எலும்பின் இங்கிலீஷ் பெயரைப் பார்க்கக்கூட மனுஷனுக்குப் பொறுமையில்லை. 'பிலவேந்திரன் சொல் திருடர், அவர் பட்டியலைத் தள்ளிவிடவும்' என்று காலையிலேயே குழுவுக்குக் கடிதம் போட்டார். சாயந்திரம் சாட்சிக்கு ஆள் பிடிக்க வண்டிப்பட்டறைக்குப் போனார்.

"சுருளியாண்டி, நான் உங்கிட்ட வந்து ஆரக்கால் பேரு கேட்டேன்ல? நீ சாட்சி சொல்லணும்."

தச்சர் சுருளியாண்டி உளியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு முந்தியே பிலவேந்திரன் வாத்தியார் வந்தாகளே! எலும்பு ஒண்ணத் துணியில சுத்திக் கொண்டாந்து, ஆரக்கால் பக்கத்துல வச்சு வச்சுப் பார்த்தாக. லத்தீன்ல ஆரக்காலுக்கு ரேடியஸ்னு பேராம். வெள்ளைக்காரன் வட்டத்துக் கோட்டுக்கும் கை எலும்புக்கும் அதையேதான் வச்சிருக்கானாம்."

"அப்ப எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"அவுகதான் சொல்ல வேணாம்னாக. 'ஒச்சாண்டி வாத்தியார் இங்கன வந்தா ஆரைன்னு சொல்லு, ரெண்டு பாடத்துக்கும் பொருந்தும். என் பேரைச் சொன்னா சந்தேகப்படுவாக'ன்னாக."

ஒச்சாண்டி தபாலாபீசுக்கு ஓடினார். கடிதம் போட்ட தபால் பை மத்தியானப் பஸ்ஸிலேயே தேனிக்குப் போய்விட்டிருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்ன, பிலவேந்திரன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க, வாங்க! நம்ம சொல்லு அச்சுல வரப்போகுது!" என்று பிலவேந்திரன் கையைப் பிடித்தார்.

ஒச்சாண்டி கையை உருவிக்கொண்டார்.

"உங்களத் திருடன்னு குழுவுக்கு எழுதிப் போட்டுட்டேன். புத்தி கெட்டவன் நான். ஒரு தாள் குடுங்க, திருடன் நான்தான்னு எழுதுறேன்."

பிலவேந்திரன் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.