ஸ்டேஷன் எதிரில், மாலை நான்கு மணி

சேலையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ரத்தினபாய் பத்தொன்பது வருஷமாக பி.டி. டீச்சர். வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பெண்ணை ஒரே ஒரு பார்வை பார்ப்பாள்; அந்தப் பெண் தானாகவே திரும்பி மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடுவாள். மிஸ் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த மிஸ்ஸுக்கு நாற்பத்துநாலாவது வயதில் ஒரு பாப் பாடகியின் மேல் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால், பிள்ளைகள் சொன்னவரைத்தான் சந்தேகமாகப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் பிடித்துத்தான் இருந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து, கணவன் சாலமோனின் வெள்ளை யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாலமோன் மின்சார ரயிலில் கார்டு. டி.வி.யில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிந்துஜா என்று ஒரு புதுப் பெண், இருபது வயதிருக்கும், 'ஒன்பதரை பஸ்' என்று ஒரு ஆல்பம். ஓடாமல் நிற்கும் பஸ்ஸின் கூரையிலிருந்து பானெட்டுக்கும் அங்கிருந்து தரைக்கும் குதித்தாள். முட்டியை மடக்கி, முன்பாதத்தில் இறங்கி, அடுத்த வரியை மூச்சிரைக்காமல் எடுத்தாள்.

"இந்தப் பொண்ணுக்கு யாரோ ஒழுங்காச் சொல்லிக்கொடுத்திருக்காங்க" என்றாள் ரத்தினபாய். அதற்குள் சட்டைக் காலர் கருகிவிட்டது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. விளையாட்டுப் போட்டி முடிவுகளை எழுதுகிற நீள நோட்டு ஒன்று வீட்டில் காலியாகக் கிடந்தது. அதில் கோடு போட்டு, தேதி, ஊர், பாடிய பாட்டு, போட்டிருந்த ஷூவின் நிறம் என்று எழுதத் தொடங்கினாள். சிந்துஜா ஒரு காலேஜ் விழாவில் பாடினாலும் சரி, நகைக்கடை திறந்து வைத்தாலும் சரி, முதல் சினிமாவில் கதாநாயகிக்குத் தோழியாக மூன்று காட்சிகளில் வந்தபோதும் சரி, நோட்டில் ஏறிவிடும். ரயில் பெட்டியில் யாராவது விட்டுவிட்டுப் போன சினிமாப் பத்திரிகைகளைச் சாலமோன் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவான். "இந்தா, உன் பொண்ணு வந்திருக்கு, பதினாறாம் பக்கம்" என்று மேஜையில் போடுவான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை யாரும் அந்தப் பேச்சோடு சேர்த்து நினைக்கவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னான், அவளும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. சிந்துஜா தன் இரண்டாவது ஆல்பத்தை ரசிகர்களுக்குக் கையெழுத்திட்டு வழங்குகிறார். ஸ்ரீ திரிபுரசுந்தரி ஆடியோஸ், தாம்பரம் ஸ்டேஷன் எதிரில், சனிக்கிழமை மாலை நான்கு மணி.

ரத்தினபாய் நீள நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றரைக்கே போய்விட்டாள். கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனை விட்டு இறங்கினால் டீக்கடைக்கு அடுத்த கடை. அம்மாவின் பெயரைக் கடைக்கு வைத்திருந்த ஏகநாதன், வாசலில் சீரியல் பல்பு, மைக் செட், பந்தல் எல்லாம் போட்டு, புதுச் சட்டையோடு நின்றான்.

"வாங்க டீச்சர், இன்னா வேணும்?"

"கிறிஸ்தவப் பாட்டு கேசட் இருக்கா, பாக்கலாம்னு" என்று அவள் உள்ளே நுழைந்து, அலமாரியில் ஒவ்வொரு கேசட்டாக எடுத்துப் பார்த்தாள். ஒரு கண் வாசலிலேயே இருந்தது.

நான்கு மணிக்கு சிந்துஜாவின் கார் வந்து நின்றது. ரத்தினபாய் கேசட்டும் கையுமாகப் பந்தலுக்கு வந்துவிட்டாள். டி.வி.யில் பார்த்ததைவிடச் சின்னப் பெண். ஜீன்ஸ், மஞ்சள் சட்டை, இடது காலை ஊன்றி இறங்கினாள். கூடவே அவளுடைய மாமா, அவர்தான் மேனேஜர். இறங்கியதும் இருவரும் சுற்றிப் பார்த்தார்கள். பந்தலின் கீழ் இருந்தது கடைப் பையன்கள் இரண்டு பேர், டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு பேர், பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு குடும்பம், அப்புறம் ரத்தினபாய்.

"எங்கப்பா கூட்டம்?" என்றார் மாமா.

ஏகநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. "வந்துடுவாங்க சார். பேப்பர்ல போட்டோம் சார், போஸ்டர் ஒட்டினோம் சார்..."

டீக்கடைக்காரர் சவுரிமுத்து கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "காலைலேர்ந்து நானும் பாத்துகினு கீறேன். ஒர்த்தரும் வர்ல."

சிந்துஜா ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் இல்லை. தொடர் ஓட்டத்தில் கடைசியாக வந்த பெண், யாரும் பார்க்காத மாதிரி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருப்பாளே, அந்த முகம். ரத்தினபாய் அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கேசட்டைக் கீழே வைத்தாள்.

இருபது நிமிஷம் ஆனது. "போலாம்மா, ஆறு மணிக்கு அடையாறுல இன்னொண்ணு இருக்கு" என்று மாமா எழுந்தார்.

அப்போதுதான் நடைமேம்பாலத்திலிருந்து சாலமோன் இறங்கி வந்தான். டூட்டி முடிந்து, வெள்ளை யூனிபாரத்தோடு, மனைவியைக் கூட்டிப் போகலாம் என்று வந்தவன். "ரத்னா, நீ இங்கயா இருக்க? அந்தப் பக்கம் என்ன கூட்டம் தெரியுமா! மேற்குத் தாம்பரத்துல ஸ்டேஷன் வாசலே அடைச்சுக் கிடக்கு. சிந்துஜா சிந்துஜான்னு கத்துதுங்க. வாழைப்பழ வண்டிக்காரன் அழாத குறை."

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஸ்டேஷன் எதிரில் என்று போட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் எதிரில் என்று போடவில்லை. மார்க்கெட்டும் பெரிய கடைகளும் இருப்பது மேற்கே. ஊரே அங்கே போய் நின்றுவிட்டது.

"காரை எடு, அந்தப் பக்கம் போயிடலாம்" என்றார் மாமா.

"ரயில்வே கேட் சாத்திகினு கீறான் சார்" என்றார் சவுரிமுத்து. "கேட்டாண்ட லாரி நிக்குது பாரு வரிசையா. அந்தாண்ட போய்ச் சேர ஒரு அவர் ஆவும்."

"அப்ப மேம்பாலத்துல நடந்து போயிடலாம். எழுந்திரும்மா."

சிந்துஜா எழுந்தாள்.

"அவங்க படி ஏறக்கூடாது" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்பது ரத்தினபாய்க்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. மைதானக் குரல். எல்லாரும் திரும்பினார்கள். "வலது கணுக்கால். கோயம்புத்தூர் மேடையில வழுக்கினது, ஆகஸ்ட் பதினாறு. இன்னும் ஆறு வாரம் ஆகல. அத்தனை படி ஏறி இறங்கினா மறுபடி வீங்கும்."

சிந்துஜா அவளையே பார்த்தாள். "உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?"

"பேப்பர்ல... படிச்சேன்."

"பேப்பர்லயா?" என்று சாலமோன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் முறைத்த முறைப்பில் பாதியில் நிறுத்தினான்.

"சார், எனக்கு இருபது நிமிஷம் குடுங்க" என்றாள் மாமாவிடம். "நீங்க எங்கயும் போகவேண்டாம். கூட்டத்தை நான் இங்க கொண்டு வரேன்."

அவர் பதில் சொல்வதற்குள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாக ஏறிவிட்டாள்.

மேற்கே முந்நூறு பேருக்குக் குறையாது. காலேஜ் பையன்கள், தையல் கம்பெனிப் பெண்கள், சின்னக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த அப்பாக்கள். எல்லாருக்கும் முன்னால், விளையாட்டு விழாவுக்கென்று வாங்கி வைத்திருந்த துணியில் 'சிந்துஜா வாழ்க' என்று எழுதிப் பிடித்துக்கொண்டு, அவளுடைய சொந்த ஒன்பதாம் வகுப்பு நின்றது. நடுவில் சரசு, வியாழக்கிழமைதான் வயிற்றுவலி என்று வந்தவள்.

"ஐயோ, பி.டி. மிஸ்!" என்று துணியின் ஒரு முனை கீழே விழுந்தது. இரண்டு பேர் வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

ரத்தினபாய் கைப்பையிலிருந்து விசிலை எடுத்து நீளமாக ஒன்று ஊதினாள். முந்நூறு பேரும் வாயை மூடினார்கள். அங்கே நின்றிருந்த இரண்டு ஆட்டோக்காரர்கள்கூட இன்ஜினை அணைத்துவிட்டார்கள்.

"சிந்துஜா அந்தப் பக்கம் வந்து உக்காந்திருக்காங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. இடது ஓரமா ஏறணும். தள்ளுறவங்க கடைசி வரிசைக்குப் போயிடுவாங்க. சரசு, துணியை ஏன் கீழ போட்ட? தூக்கு. நீங்கதான் முன்னாடி."

சரசுவுக்கு விஷயம் மண்டையில் ஏறச் சிறிது நேரமானது. "மிஸ்... நீங்களும் சிந்துஜாவைப் பாக்கவா மிஸ் வந்தீங்க?"

"நட."

ஊர்வலம் கிளம்பியது. தாடி வைத்த காலேஜ் பையன்கள்கூட ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இரண்டு இரண்டாக ஏறினார்கள். பாலத்தின் நடுவில் சாலமோன் வெள்ளை யூனிபாரத்தோடு கையை நீட்டி நின்று, எதிரே வருகிறவர்களை ஒரு ஓரமாக அனுப்பிக்கொண்டிருந்தான். கீழே ஒரு எக்ஸ்பிரஸ் மெதுவாக நுழைந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்களெல்லாம் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார்கள்.

எங்கேயோ பின்னாலிருந்து ஒருவன் 'ஒன்பதரை பஸ்' பாட்டை எடுத்தான். வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. பாலமே பாடியது. காலடிகள் தாளத்துக்கு விழ, இரும்புத் தகடு தடதடவென்றது. முன்னால் போய்க்கொண்டிருந்த ரத்தினபாய் தன் வாயும் அசைவதைக் கவனித்தாள். அப்புறம் கவனிப்பதை விட்டுவிட்டுச் சத்தமாகவே பாடினாள்.

"மிஸ், மூணாவது சரணம்கூடத் தெரியுமா மிஸ் உங்களுக்கு?" சரசுவுக்குக் கண் விரிந்துவிட்டது.

"தெரியாம என்ன? நீ ரெண்டாவது வரியைத் தப்பாப் பாடுற."

கிழக்கே, கடை வாசலில், ஆட்களுக்கு முன்னால் பாட்டுதான் வந்து சேர்ந்தது. சிந்துஜா ஸ்டூலைவிட்டு எழுந்து, ஒரு காலில் நின்றுகொண்டு, வாயைக் கையால் பொத்தினாள். படியில் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள், வரிசை கலையாமல். ஏகநாதன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது. சவுரிமுத்து அடுப்பில் இன்னொரு பால் பாத்திரத்தை ஏற்றினார்.

"என்னால இன்னைக்கு ஆட முடியாது" என்றாள் சிந்துஜா மைக்கில். "நீங்கதான் ஆடணும். நான் உக்காந்து பாடுறேன்."

ஆடினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த குடும்பம் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஆடியது. கையெழுத்து வரிசையை ரத்தினபாய் பார்த்துக்கொண்டாள்; ஒரு சண்டை இல்லை, ஒரு தள்ளு இல்லை. ஐந்தரைக்குக் கடையில் ஒரு கேசட் மிச்சமில்லை. அடையாறுக்கு நேரமாகிறது என்று மாமா இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அவரும் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்ததும் ரத்தினபாய், "கால நீட்டும்மா" என்றாள். சிந்துஜா நீட்டினாள். கட்டு தப்பாகச் சுற்றியிருந்தது. ரத்தினபாய் தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்து, குதிகாலைச் சுற்றி எட்டு வடிவில் போட்டு இறுக்கினாள்.

"எல்லாரும் அடுத்த படம் என்னன்னுதான் கேக்கறாங்க ஆன்ட்டி. கால் எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல" என்றாள் சிந்துஜா. "நீங்க கேசட் வாங்கலையா? கையெழுத்துப் போட்டுத் தரேன்."

விற்றுத் தீர்ந்துவிட்டதே! ரத்தினபாய் விழித்தாள். சாலமோன் அவள் பையில் கையை விட்டு நீள நோட்டை எடுத்து நீட்டினான். "இதுல போடும்மா."

சிந்துஜா புரட்டினாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், ஷூவின் நிறம்வரைக்கும் தன் இரண்டு வருஷம். ரத்தினபாய்க்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. சிந்துஜா ஒரு இடத்தில் விரலை வைத்து, "ஆன்ட்டி, இது தப்பு. சேலம் புரோகிராம் பன்னெண்டாம் தேதி. பதிமூணு இல்ல. அன்னைக்கு எங்கம்மா பர்த்டே, அதனால ஞாபகம் இருக்கு" என்றாள்.

ரத்தினபாய் சட்டென்று சிவப்புப் பேனாவை எடுத்து, பதிமூன்றை அடித்துப் பன்னிரண்டாக்கினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தத் தப்பையும் திருத்தியதில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட் ஒன்பதாம் வகுப்புக்கு பி.டி. என்றைக்கும் இல்லாத அதிசயமாக நாற்பத்திரண்டு பேரும் மைதானத்தில் நின்றார்கள். ஒருத்திக்கும் வயிறு வலிக்கவில்லை. எல்லாரும் மிஸ்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? ரெண்டு ரவுண்டு" என்றாள் ரத்தினபாய்.

ஓடினார்கள். முதல் ரவுண்டு முடிவதற்குள் சரசு பாட்டை எடுத்தாள். இந்தத் தடவை இரண்டாவது வரி சரியாக இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்தார். ரத்தினபாய் ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். பிறகு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெண்களோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தாள்.